ஸைத்தூன் கழகத்துக்கு நான் கேட்காத சாவி

போன மாதம் சரவணன் என்ற பொறியியலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். தமிழ்நாட்டுக்காரர். ஒஸ்லோவில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறார். நான் ஓய்வு பெறும்வரை பராமரித்த விளையாட்டு மைதானங்களுக்கு இப்போது மின்பூட்டுப் போடுகிறார்கள். கழகங்கள் கணினியில் நேரம் பதிந்தால் கைத்தொலைபேசிக்கு ஓர் இலக்கம் வரும். அதை அழுத்தினால் பூட்டுத் திறக்கும். அந்த ஏற்பாட்டைச் செய்கிறவர் அவர்.

"சார், பழைய விதிமுறைல ஒரு வரி இருக்கு. மைதானத்துல ஆடுற ஒவ்வொரு கிளப் கிட்டயும் ரோட்டு வாசல் கேட்டுக்கு ஒரு இரும்புச் சாவி இருக்கணும்னு. கீழ உங்க கையெழுத்து. இனிமே அது தேவையில்லையே, எடுத்துடலாமா?"

"எடுக்காதேயுங்கோ."

"காரணம் சொன்னீங்கன்னா ஒரு வரி சேர்த்துடுவேன் சார்."

"ஒரு வரியிலை சொல்லேலாது தம்பி. எழுதித் தாறன்."

"சாரி சார், சொல்லேலாதுன்னா?"

"சொல்ல முடியாது எண்டு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். தொலைபேசியை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தபோது சிரிப்புப் போய்விட்டது. அவருடைய கோப்புக்கு அடங்காதபடி நீண்டுபோனதை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் யேசுதாசன். நோர்வேஜியர்களுக்கு நான் தாஸ். இந்த நாட்டுக்கு வந்து முதல் பதின்மூன்று வருடம் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவினேன். முதுகு கெட்டது. ஐம்பது வயது தாண்டிய பிறகு வேலை அலுவலகம் என்னை மைதானப் பராமரிப்புக்கு அனுப்பியது. பனி தள்ளும் உழவு இயந்திரம் ஓட்டவும், சுண்ணாம்புக் கோடு போடவும், கோல் கம்பம் சரிந்து பிள்ளைகள்மேல் விழாதபடி கட்டிவைக்கவும் ஒரு குளிர்காலத்துக்குள் பழகிவிட்டேன். இளம் வயதில் ஊரில் கடற்கரைக் கழகமொன்றுக்கு இடது பின்காப்பாக ஆடியவன் நான். கோட்டுக்கு வெளியே நின்றாலும் மைதானத்தில் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

வேலையை உண்மையில் கற்றுத் தந்தவர் எங்கள் மேற்பார்வையாளர் ஒட்வார். வடக்கு நோர்வேக்காரர், நெடிய மனிதர். காலை வணக்கம் சொல்லமாட்டார். வந்ததும் தரையைப் பார்ப்பார். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒஸ்லோவின் குரோருட் பக்கத்து மைதானங்கள் பல இன்னும் சரளைத் தரைதான். செயற்கைப் புல் பின்னால் வந்தது. ஏப்ரலில் பனி உருகும்போது சரளைத் தரை மேலே காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே களியாக இருக்கும். அன்று விளையாடலாமா கூடாதா என்று ஒட்வார் குதிக்காலால் முடிவு செய்வார். நடு வட்டத்தில் ஒருமுறை, இரண்டு கோல் வாயிலும் ஒவ்வொரு முறை, முழு உடம்பையும் சப்பாத்தின் பின்பக்கத்தில் போட்டு அழுத்துவார். பிறகு குந்தியிருந்து அந்தக் குழிக்குள் சின்னவிரலை விடுவார். நகம் மறைந்தால் மைதானம் பூட்டு. வீரர்கள் வந்து கத்துவார்கள். தொப்பியைக் கீழே இழுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அவர்கள் போன பிறகு, "அவைக்குச் செவ்வாய்க்கிழமை கோவம் போயிடும். கிழிஞ்ச தரை ஆவணி வரைக்கும் கிழிஞ்சுதான் கிடக்கும்" என்பார். அவர் பேசியது நோர்வேஜிய மொழி. எனக்குள் அது எங்கள் தமிழில்தான் கேட்டது. இனி வரும் பேச்சுகளையும் அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய விதிகளில் மிகக் கடுமையானது தடைக்கம்பம் பற்றியது. வீதியிலிருந்து மைதானத்துக்கு முந்நூறு மீற்றர் நீளமான ஒரு பாதை ஏறி வளைந்து போகும். அதன் வாயிலில் வாகனங்களை மறிக்க ஓர் இரும்புக் கம்பம் குறுக்கே பூட்டிக் கிடக்கும். இளைஞர்கள் காரைக் கொண்டுவந்து சரளையில் வட்டமடித்துக் கிழித்த காலத்தில் போட்டது. எங்கள் வாகனம் உள்ளே போகும்போது திறக்கலாம், உடனே பூட்ட வேண்டும். சாவி பராமரிப்பாளரின் இடுப்பில் மட்டும்தான்.

என் முதல் வருடத்தில் ரொகர் என்ற நோர்வேஜியத் தொழிலாளி தன் சிநேகிதன் ஒருவனுக்கு அந்தச் சாவியை ஒரு நாள் கொடுத்தான். அந்த வார இறுதியில் கார்கள் புகுந்துவிட்டன. திங்கட்கிழமை ஒட்வார் அவன் முன்னால் வந்து நின்று உள்ளங்கையை விரித்தார்.

"சாவிக்கொத்து."

அவ்வளவுதான். குரல் உயரவில்லை. ரொகரைக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பக்கத்தில் தரை கூட்டுகிற தும்புத்தடியோடு நின்றுகொண்டிருந்தேன். நிரந்தர வேலைக்காரனுக்கே அந்தக் கதி. நானோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் வந்தால்தான் தொடரக்கூடிய தற்காலிகக்காரன்.

ஞாயிறு பின்னேரம் நாலு மணி ஸைத்தூன் கழகத்தின் நேரம். மொரோக்கோக்காரர்களின் உதைபந்தாட்டக் கழகம். பச்சைச் சட்டை. அவர்களுடைய தலைவர் மிமூன், பேருந்துச் சாரதி, நாற்பத்தாறு வயது. பயிற்சியாளரும் அவர்தான், நடுப் பின்காப்பில் ஆடுகிறவரும் அவர்தான். ஒரு மணித்தியாலம் முன்னதாக வந்து வலை கட்ட எனக்கு உதவுவார். பிறகு என் சின்னப் பலகை அறையில் இருந்து, தான் கொண்டுவந்த புதினாத் தேநீரை ஊற்றித் தருவார். இரண்டு பேரும் உடைந்த நோர்வேஜிய மொழியில் கதைப்போம். எனக்குத் தெரியாத சொல் அவருக்கும் தெரியாது என்பதால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம்.

ஸைத்தூன் என்றால் ஒலிவ மரம். மொரோக்கோவின் வடக்கில், மலைக்குக் கீழே, அவர்களுடைய ஊர் மைதானத்தின் ஒரு கரை முழுக்க ஒலிவத் தோட்டம். அங்கேதான் மூலக் கழகம் பிறந்தது. ஒரு முடிவெட்டுபவரும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் தொடங்கினார்கள். முதல் சட்டைகள் மாவுச் சாக்கைத் தைத்துப் பச்சைச் சாயம் போட்டவை. முதல் ஆட்டத்தில் மழை. இடைவேளைக்குள் சட்டை வெள்ளையாகவும் ஆட்கள் பச்சையாகவும் மாறிவிட்டார்களாம். பந்து தோட்டத்துக்குள் விழுந்தால் தோட்டக்காரி, ஒரு விதவை, எடுத்து வைத்துக்கொள்வார். அறுவடைக்கு ஆள் வந்தால்தான் பந்து. அதனால் எங்கள் முன்வரிசைக்காரர் எல்லாரும் ஒலிவம் பறிப்பதில் கெட்டிக்காரர் என்பார் மிமூன். குறி தவறி அடிக்கிறவன்தான் அதிகம் பறித்தவன்.

அந்தக் கழகத்தை எந்த எதிரணியும் அழிக்கவில்லை. ஐரோப்பா அழைத்தது. இடது ஓரக்காரர் ரொட்டர்டாமுக்குப் போனார். நடு முன்வரிசைக்காரர் ஜெர்மனிக்கு. மிமூனின் பெரியப்பா மகனான கோல் காப்பாளர் ஒஸ்லோவுக்கு வந்து ஹோட்டல் ஒன்றில் துணி வெளுத்தார். ஒரே வருடத்தில் ஏழு பேர் போய்விட்டார்கள். அடுத்த ஆட்டத்துக்கு அந்த வாத்தியாரே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி ஆடினாராம். அதற்கடுத்த ஆட்டம் நடக்கவில்லை. ஊரில் கழகம் மூடப்பட்டது.

"அங்கை போன கழகத்தை இஞ்சை எடுத்து நிறுத்தினம்" என்பார் மிமூன். ஒஸ்லோவில் கழகத்தைப் பதிந்தபோது படிவத்தில் 'கழகத்தின் வரலாறு' என்று ஒரு சின்ன இடம் விட்டிருந்தார்கள். அவர் நாலு பக்கம் எழுதி இணைத்தார். ஒரு வரி போதும் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் அந்த நாலு பக்கத்தையும் எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். முதல் ஆட்டத்தில் பதினொரு கோல் வாங்கினார்கள். பத்து வருடம் கடைசிப் பிரிவிலேயே கிடந்தார்கள். ஒருமுறை, ஒரேயொரு முறை, மேலே ஏறினார்கள். அது என் மைதானத்தில்தான். கடைசி ஆட்டத்தில் மழைக்குள் சமநிலை. மிமூன் நடு வட்டத்தில் சேற்றில் முழங்காலில் இருந்து அழுதார். ஒட்வார் அன்று குதிக்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, நகம் மறைந்தும் மறையாமலும் இருக்க, "விளையாடட்டும்" என்று சொல்லியிருந்தார்.

அதற்கடுத்த வசந்தத்தில் பனி எடுத்து முடிந்த முதல் ஞாயிறு. தேநீர் ஊற்றிக்கொண்டே மிமூன் கேட்டார்.

"தாஸ், தடைக்கம்பத்துக்கு எங்களுக்கு ஒரு சாவி வேணும். உன்ரை பெரியவரிட்டைக் கேள். எங்கடை ஆக்களிலை பாதிப்பேர் நாப்பது தாண்டியாச்சு. ஆருக்கும் கால் முறிஞ்சால் அந்தப் பாதையாலை தூக்கிக்கொண்டே ஓடுறது?"

"ஓம், கேக்கிறன்" என்றேன்.

மூன்று கிழமை நான் கேட்கவில்லை. கேட்க நேரம் இல்லாமல் இல்லை. ஒருநாள் ஹொல்ம்லியாவுக்கு ஓர் உருளையை ஏற்றி வர ஒட்வாரோடு லொறியில் போனேன். போக அரை மணித்தியாலம், வர அரை மணித்தியாலம், நாங்கள் இருவர் மட்டும். இரண்டு தரம் வாயைத் திறந்தேன். முதல் தரம் டயரைப் பற்றிக் கேட்டேன். இரண்டாம் தரம், "மழை வருமோ?" என்றேன். அந்த ஜூன் மாதத்தோடு என் தற்காலிகக் கடிதம் முடிகிறது. அதற்குப் பிறகு நிரந்தர வேலை தருவதா என்று எழுதுகிறவர் ஒட்வார். சாவி என்ற சொல்லை அவர் முன்னால் சொன்னாலே அந்த விரிந்த உள்ளங்கை என் முன்னால் வரும் என்று பயந்தேன்.

நாலாம் ஞாயிறு மிமூன் மறுபடி கேட்டார்.

"கேட்டனான். ஏலாதாம்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கோப்பையை நிரப்பினார். "சரி" என்றார். வேறெதையோ கதைத்தோம்.

மே மாதக் கடைசி ஞாயிறு. நல்ல வெயில். பேர்ச் மரங்களின் மகரந்தம் சரளைமேல் மஞ்சளாகப் படிந்திருந்தது. ஞாயிறுகளில் ஓர் ஆளுக்கு இரண்டு மைதானம். நான் ஸைத்தூனுக்கு உடைமாற்றும் அறையைத் திறந்து கொடுத்து, வலை கட்டி, வெளியே வந்து தடைக்கம்பத்தைப் பூட்டிக்கொண்டு மற்ற மைதானத்துக்குப் போனேன். பத்து நிமிட ஓட்டம். அங்கே கோல் கம்பத்துக்கு மணல் மூட்டை வைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஜமால். மிமூனின் தம்பி, அவர்களுடைய கோல் காப்பாளர்.

"தாஸ், திற! வந்து தடைக்கம்பத்தைத் திற! அண்ணன் விழுந்திட்டான்!"

சிவப்பு விளக்குகளில் நிற்காமல் ஓட்டினேன். நான் போனபோது அம்புலன்ஸ் கம்பத்துக்கு முன்னால் நீல விளக்குச் சுழல நின்றது. பின்கதவுகள் திறந்து கிடந்தன. உள்ளே ஒருவருமில்லை. அவர்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பாதையில் ஓடிப் போயிருந்தார்கள். பூட்டுக்குள் சாவியைப் போட்டுத் திருகினேன். திறந்துவிட்டு நானும் ஓடினேன்.

இரண்டு அணியும் கலந்து வட்டமாக நின்றது. எதிரணி ஆட்கள் பச்சைச் சட்டைக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எதிரணியின் நோர்வேஜியர் ஒருவர் மிமூனின் ஒரு சப்பாத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு ஏந்தி வைத்திருந்தார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பந்து மற்றக் கோலுக்குப் பக்கத்தில் இருந்தபோது மிமூன் தனியே நின்றவர் மெல்லக் கீழே உட்கார்ந்தாராம். சப்பாத்துக் கயிறு கட்டுகிறார் என்று நினைத்தார்களாம். அம்புலன்ஸ்காரர்கள் நெஞ்சை அழுத்திக்கொண்டேயிருந்தார்கள். ஜமால் கையுறையைக் கழற்றாமலே அண்ணன் தலைமாட்டில் முழங்காலில் இருந்து அரபியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டி மேலே வந்து அவரை ஏற்றிக்கொண்டு இறங்கியது. நான் பாதை வழியே முன்னால் ஓடிப்போய்த் தடைக்கம்பத்தைக் கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது பிடிக்காமலே நிற்கும். வண்டி போன பிறகும் நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. இருதயம். வண்டி நேரே மேலே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஜமால் கேட்டதற்கு, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று வைத்தியர் சொன்னாராம்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அலுவலகத்தில் விசாரணை. கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது: வசந்தத்தில் நாங்கள் சாவி கேட்டோம், மறுக்கப்பட்டது. உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் ஒட்வார் நடைபாதையில் என்னிடம் கேட்டார்.

"அவை சாவி கேட்டவையோ?"

"ஓம்."

"உன்னட்டையோ?"

"ஓம்."

"நீ என்னட்டைக் கேட்டனியோ?"

நான் தரையைப் பார்த்தேன். கதவு திறந்து எங்கள் பெயர்களைக் கூப்பிட்டார்கள்.

"கேட்டிருந்தாலும் நான் மாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பன்" என்றார். தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் ஓர் அம்மா. ஒட்வார் உட்கார்ந்ததும் சொன்னார்: "கோரிக்கை என்னட்டை வந்தது. நான்தான் மறுத்தனான்."

நான் அவர் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். எனக்கு வாய் இருந்தது. இதற்குமேல் தாஸ் ஏதும் சொல்ல விரும்புகிறாரா என்றுகூட அந்த அம்மா கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

ஒட்வாருக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். மைதானங்களை அவரிடமிருந்து எடுத்து அவரைக் களஞ்சியத்தில், இயந்திரம் திருத்தும் இடத்தில் விட்டார்கள். போவதற்கு முன் இரண்டு தாள்களை என் அறைக்குக் கொண்டுவந்தார். ஒன்று என் நிரந்தர வேலைக்கான சிபாரிசு, அவருடைய கையெழுத்தோடு. மற்றது வெற்றுத் தாள். "ஒவ்வொரு கழகத்திட்டையும் ஒரு சாவி இருக்கவேணும் எண்டு எழுது. நீ எழுது. நீயே கையெழுத்து வை" என்றார். எழுதினேன்.

அந்தக் கோடை முழுக்க நான் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு சனிக்கிழமை காலைச் சாப்பாட்டு மேசையில் மனைவி வசந்தி தட்டை என் முன்னாலிருந்து இழுத்து வைத்துக்கொண்டு கேட்டா.

"என்னப்பா நடந்தது? சொல்லாமல் இதிலையிருந்து எழும்பேலாது."

எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏனப்பா கேக்கேல்லை?"

"பயம்."

"அந்தாள் அடிச்சுப்போடுமோ?"

"வேலை போயிடுமெண்டு."

வசந்தி எனக்குத் தேநீர் ஊற்றினா. பிறகு, "மிமூன்ரை மனுசி இப்ப என்ன செய்யிறாவோ" என்றா. என்னைக் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. உண்மையாகவே நினைத்துத்தான் சொன்னா. தட்டை மறுபடி என் பக்கம் தள்ளிவிட்டா. அதற்குமேல் அதை மூடி வைக்க என்னால் முடியவில்லை.

நடந்ததை நடந்தபடி ஒரு கடிதமாக எழுதி ஆவணி மாதத்தில் களஞ்சியத்துக்குக் கொண்டுபோனேன். ஒட்வார் புல் வெட்டும் இயந்திரம் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார். கையைத் துடைத்துவிட்டு இரண்டு தரம் வாசித்தார். மடித்து என்னிடமே நீட்டினார்.

"விசாரணை முடிஞ்சுது. எனக்கு ஓய்வுக்கு ஒண்டரை வருசம் இருக்கு. இதைக் கொண்டுபோய் ஆருக்கு என்ன செய்யப்போறாய்?"

"உண்மை தெரியவேணும்."

"அப்ப தெரியவேண்டிய ஆக்களிட்டைப் போய்ச் சொல்லு. எனக்கில்லை."

வாசல்வரை போனவன் திரும்பி நின்று கேட்டேன். "உண்மையாவே மாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பியளோ?"

அவர் ஒரு திருகாணியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கேட்டிருந்தால் எனக்கும் தெரிஞ்சிருக்கும், தாஸ்" என்றார்.

ஒக்டோபர் முதல் ஞாயிறு ஸைத்தூனின் கடைசி ஆட்டம். அது கடைசி என்று அவர்கள் முன்பே முடிவு செய்திருந்தார்கள். பலருக்கு அந்தத் தரையில் கால் வைக்கவே மனம் வரவில்லை. ஒன்பது பேர்தான் வந்தார்கள். மிமூன் நிற்கும் இடத்தில் ஒருவரையும் நிறுத்தவில்லை. வேண்டுமென்றா, ஆள் இல்லாமலா என்று எனக்குத் தெரியாது. எதிரணி அந்த இடத்தால் வந்து வந்து கோல் போட்டது. முடிவில் எட்டு. நடுவர் ஊதியதும் இரண்டு அணியும் கைகொடுத்தது. ஸைத்தூன்காரர் தாங்களே வலையை அவிழ்த்து, மடித்து, என் அறை வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். மிமூன் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் செய்வார்.

ஜமால் கடைசியாக வந்தார். நான் வெளியே போய் அவர் முன்னால் நின்றேன். காலையிலிருந்து மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த நோர்வேஜியச் சொற்களில் பாதி வரவில்லை.

"ஜமால், சாவியை ஒட்வார் மறுக்கேல்லை. நான் அவரிட்டைக் கேக்கவேயில்லை. உன்ரை அண்ணனுக்குப் பொய் சொன்னனான்."

அவர் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"தெரியும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்.

"அண்டைக்கு உன்ரை அறையிலையிருந்து வந்த அண்ணன் எனக்குச் சொன்னான்: தாஸ் கேக்கேல்லை, பயப்பிடுறான், அவனுக்கு இன்னும் நிரந்தர வேலை கிடைக்கேல்லை. நீங்கள் ஒருத்தரும் அவனை நெருக்கக்கூடாது. கோடை விடுமுறை முடிய நாங்களே நேரை எழுதுவம் எண்டவன்." கையுறைகளைப் பைக்குள் வைத்தார். "கடிதத்திலை உன்ரை பேரை ஏன் எழுதேல்லை எண்டு நினைச்சாய்? அவன் எழுதியிருக்கமாட்டான்."

நான் மன்னிப்புக் கேட்டேன். நோர்வேஜிய மொழியில் கேட்டது போதாதுபோல் இருந்தது, தமிழிலும் சொன்னேன். அவர் நான் சொல்லி முடியும்வரை நின்றார்.

"அவன் உன்னைக் கோவிக்கேல்லை, தாஸ். அவன் அப்படி. நான் அவனில்லை."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கீழே காத்து நின்ற எட்டுப் பேரிடம் போனார். அவர்கள் பாதையால் இறங்கி, வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகும் ஐந்து வருடம் அந்த மைதானத்தில் வேலை செய்தேன். ஸைத்தூன்காரர் ஒருவர்கூட அங்கே திரும்பி வரவில்லை.